வங்கியா, நிதி நிறுவனமா, வாரிய வீடா, ஓராண்டு பொறுப்பதா? சென்னையில் முதல் வீடு வாங்கும் குடும்பங்களுக்கு ஒரு கடன் ஒப்பீடு

மாதம் இருபதாயிரத்துக்கும் அறுபதாயிரத்துக்கும் இடையில் வருமானம் உள்ள சென்னைக் குடும்பங்கள் வீட்டுக் கடன் பற்றிக் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒரே மாதிரி இருக்கிறது. “வங்கியில் இல்லை என்று சொல்லிவிட்டார்கள். நிதி நிறுவனத்தில் கொடுக்கிறேன் என்கிறார்கள், வட்டிதான் கூடுதல். வாங்கலாமா, வேண்டாமா?” பட்டாபிராமில் பழைய அடுக்குமாடி வீடு, கூடுவாஞ்சேரியில் புது ஃப்ளாட், மீஞ்சூரில் மனையோடு தனிவீடு என்று ஊர் மட்டும் மாறுகிறது.

ஆம், இல்லை என்று பதில் சொல்வதற்கு முன் ஒன்று தெரிந்தாக வேண்டும். வங்கி மறுத்தது உங்களையா, நீங்கள் காட்டிய வீட்டையா? சம்பளம் ரொக்கமாக வருகிறது, சிபில் ஸ்கோர் (பழைய கடன்களை எப்படிக் கட்டினீர்கள் என்பதற்கான மதிப்பெண்) குறைவு, ஏற்கெனவே இருக்கும் தவணைகள் அதிகம் என்பவையெல்லாம் உங்கள் பக்கத்துக் காரணங்கள். ஆறு மாதத்தில், ஒரு வருடத்தில், இரண்டு வருடத்தில் சரிசெய்துகொள்ளலாம். தாய்ப் பத்திரம் (முந்தைய உரிமையைக் காட்டும் மூலப் பத்திரம்) இல்லை, மனைக்கு அங்கீகாரம் இல்லை, வரைபடத்தில் இல்லாத மாடி எழும்பியிருக்கிறது என்பவை வீட்டின் பக்கத்துக் காரணங்கள். அவற்றை வாங்குபவர் காத்திருந்து சரிசெய்ய முடியாது. முதல் வகைக்கு நான்கு வழிகளை இங்கே ஒப்பிடுகிறேன்: அரசு வங்கி, வீட்டுக் கடன் நிதி நிறுவனம், அரசு வாரியங்கள் கட்டும் வீடு, ஓராண்டு பொறுத்து வங்கியில் கேட்பது. இரண்டாம் வகைக்கு என் பதில் ஒன்றுதான்: அந்த வீட்டை விட்டுவிடுங்கள்.

காரணம் எது என்று தெரியவில்லையா? எழுத்தில் கேளுங்கள். கடன் மறுக்கப்பட்டால் முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் நியாய நடைமுறை நெறி. கவுண்டரில் வாய்மொழியாகச் சொல்லும் “உங்களுக்கு வராது சார்” என்பதோடு திரும்பி வந்துவிடாதீர்கள்.

## எதை வைத்து அளப்பது?

வட்டி விகிதத்தை மட்டும் பார்த்து முடிவெடுப்பவர்களே அதிகம். பார்க்க வேண்டியவை ஐந்து; வட்டி அவற்றில் ஒன்றில்தான் அடங்கும்.

முதலாவது, வருமானத்தின் தடம். உங்கள் வருமானம் எவ்வளவு என்பதைவிட அது எங்கே பதிவாகிறது என்பதே கடன் தருபவருக்கு முக்கியம். பி.எஃப். பிடித்தத்தோடு வங்கியில் விழும் 22,000 ரூபாய், கையில் வாங்கும் 35,000 ரூபாயைவிட அங்கே அதிக மதிப்புப் பெறும்.

இரண்டாவது, மாதத்தில் மிஞ்சுவது. எல்லாத் தவணைகளும் சேர்ந்து வருமானத்தில் ஏறக்குறைய பாதிக்குள் இருக்க வேண்டும் என்று பெரும்பாலான வங்கிகள் பார்க்கின்றன. ஒரு கணக்கு: குடும்ப வருமானம் 45,000 ரூபாய். பாதி 22,500. எட்டரை சதவீத வட்டியில் 20 ஆண்டுகளுக்கு ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை சுமார் 868 ரூபாய். அப்படியானால் ஏறக்குறைய 26 லட்சம் வரை கடன் கிடைக்கும். ஆனால் வண்டிக் கடனுக்கு 4,000, மகளிர் குழுக் கடனுக்கு 2,500 போய்க்கொண்டிருந்தால் வீட்டுக் கடனுக்கு மிஞ்சுவது 16,000 மட்டுமே. தகுதி பதினெட்டரை லட்சத்துக்கு இறங்கிவிடும். மாதம் 6,500 ரூபாய்ச் சில்லறைக் கடன் ஏழரை லட்ச ரூபாய் வீட்டுக் கடனை விழுங்குகிறது. “வங்கி குறைவாகத் தருகிறது” என்று வருந்தும் பல குடும்பங்களில் உண்மையான தடை இதுதான்.

மூன்றாவது, கையில் இருக்க வேண்டிய ரொக்கம். ரிசர்வ் வங்கி விதிப்படி 30 லட்சம் வரையிலான கடனில் வீட்டு மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம். ஆகவே பத்து சதவீதம் இருந்தால் போதும் என்று நினைத்துவிடுகிறோம். பத்திரச் செலவு பொதுவாக அந்த மதிப்பில் சேராது. தமிழ்நாட்டில் பழைய வீட்டுக்கு முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம். 25 லட்ச ரூபாய் வீடு என்றால் சொந்தப் பங்கு இரண்டரை லட்சம், பத்திரத்துக்கு இரண்டேகால் லட்சம், தரகு, வழக்கறிஞர், மதிப்பீட்டாளர், அடமான ஆவணப் பதிவு எல்லாம் சேர்த்து ஐந்தேகால் லட்சத்தைத் தாண்டும். 2023 டிசம்பர் முதல், புது ஃப்ளாட்டின் முதல் விற்பனைக்குச் சலுகை உண்டு: 50 லட்சம் வரை முத்திரைத் தீர்வை 4, பதிவுக் கட்டணம் 2, மொத்தம் 6 சதவீதம். அதே 25 லட்சத்துக்கு 75,000 ரூபாய் மிச்சம். ஆனால் கட்டிமுடிக்காத வீடாக இருந்தால் ஜி.எஸ்.டி. வரும். சென்னையில் 60 சதுர மீட்டர் பரப்புக்குள், 45 லட்ச ரூபாய்க்குள் இருந்தால் 1 சதவீதம், மற்றவற்றுக்கு 5. நிறைவுச் சான்று பெற்ற வீட்டுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

நான்காவது, கடன் முடியும்வரை ஆகும் மொத்தச் செலவு. ஐந்தாவது, இரண்டு மாதம் வேலை போனால் என்ன ஆகும் என்பது. ஐந்தாவதை யாரும் கேட்பதில்லை. 90 நாள் தவணை நின்றால் கணக்கு வாராக் கடனாகிவிடும்; அதன் பிறகு 2002ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ் அனுப்பி வீட்டைக் கைப்பற்றும் நடவடிக்கையைத் தொடங்கலாம். அரசு வங்கியாக இருந்தாலும், வீட்டுக் கடன் நிதி நிறுவனமாக இருந்தாலும் இந்த அதிகாரம் உண்டு. ஆகவே எந்த வழியில் போனாலும் நான்கு தவணைக்கான பணம் தொடாமல் தனியாக இருக்க வேண்டும்.

## ஒரே பார்வையில்

| | அரசு வங்கி | நிதி நிறுவனம் | வாரிய வீடு | பொறுத்துக் கேட்பது |
|---|---|---|---|---|
| வருமானச் சான்று | சம்பளச் சீட்டு, வருமான வரித் தாக்கல், பாஸ்புக் | நேரில் வந்து பார்த்து மதிப்பிடுவார்கள் | வருமானச் சான்றிதழ், ஆதார் | இந்தக் காலத்தில் உருவாக்கிக்கொள்வது |
| வட்டி | ரெப்போவோடு (ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் விகிதம்) இணைந்தது, குறைவு | சில சதவீதம் கூடுதல் | கடன் சிறியது, சில நேரம் தேவையே இல்லை | வங்கி வட்டியை எட்டலாம் |
| பத்திரச் சோதனை | மிகக் கடுமை | ஓரளவு தளர்வு | நிலம் வாரியத்துடையது | வங்கியைப் போலவே |
| ஆகும் காலம் | சில வாரங்கள் | இன்னும் விரைவு | ஆண்டுகளும் ஆகலாம் | ஓராண்டு, சிலருக்கு இரண்டு |
| மறைந்திருக்கும் செலவு | மதிப்பீடு குறைந்தால் வரும் பள்ளம் | காப்பீடு, பரிசீலனைக் கட்டணம், நிலையான வட்டி | தூரம், தாமதமாகும் கிரயப் பத்திரம் | வாடகை, விலையேற்றம் |

## அரசு வங்கி

கிடைக்குமானால் இதைவிடச் சிறந்த வழி இல்லை. 2019 அக்டோபர் முதல் வங்கிகள் தரும் புதிய மிதக்கும் வட்டி (இடையில் ஏறி இறங்கும் வட்டி) வீட்டுக் கடன்கள் வெளி அளவுகோலோடு, பெரும்பாலும் ரெப்போ விகிதத்தோடு, இணைக்கப்பட்டுள்ளன. ரிசர்வ் வங்கி குறைத்தால் உங்கள் வட்டியும் குறையும். அதற்காக யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை. மிதக்கும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்கூட்டி அடைத்தால் அபராதம் கிடையாது. போனஸ் வந்தாலும், சீட்டு எடுத்தாலும் அசலில் கட்டிக் குறைக்கலாம்.

வங்கியின் வழக்கறிஞர் தாய்ப் பத்திரம், முப்பது ஆண்டு வில்லங்கச் சான்று, பட்டா, சி.எம்.டி.ஏ. அல்லது டி.டி.சி.பி. (அரசின் நகரமைப்பு அமைப்புகள்) அனுமதி என்று ஒவ்வொன்றாகக் கேட்கும்போது எரிச்சல் வருவது இயல்பு. ஆனால் அந்தக் கெடுபிடி உங்களுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு. சென்னையைச் சுற்றி இந்த அனுமதி இல்லாமல் ‘பஞ்சாயத்து அப்ரூவல்’ என்று சொல்லி விற்கப்பட்ட மனைகள் ஏராளம். 2016இல் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமில்லா மனைகளின் பத்திரப்பதிவுக்குத் தடை விதித்தது. அடுத்த ஆண்டு, அப்படிப்பட்ட மனைகளைச் சட்டப்படியாக்க அரசு வரன்முறைத் திட்டம் கொண்டுவந்தது. வரன்முறை செய்யப்படாத மனை இன்னும் கைமாற முயன்றுகொண்டிருக்கிறது. விலை குறைவாக இருப்பதால் நம் போன்ற குடும்பங்களைத் தேடித்தான் வருகிறது.

வங்கியில் மறைந்திருக்கும் சிக்கல் மதிப்பீடு. நீங்கள் 25 லட்சத்துக்குப் பேசி முடித்த வீட்டை வங்கியின் மதிப்பீட்டாளர் 22 லட்சம் என்று எழுதலாம். அப்போது 90 சதவீதம் என்பது 19,80,000 ரூபாய். நீங்கள் கொண்டுவர வேண்டிய பங்கு இரண்டரை லட்சத்திலிருந்து 5,20,000 ஆகிவிடும். பழைய அடுக்குமாடியில், குறிப்பாக நிலத்தின் பிரிபடாப் பங்கு சிறியதாக இருந்தால், இது அடிக்கடி நடக்கிறது. விற்பவர் “பத்திரத்தில் அரசின் வழிகாட்டி மதிப்பைத்தான் போடுவேன், மீதியை ரொக்கமாகக் கொடுங்கள்” என்றால் பள்ளம் இன்னும் ஆழமாகும். வங்கி ரொக்கத்துக்குக் கடன் தராது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே முழு விலையும் ஒப்பந்தத்தில் வருமா என்று கேட்டுவிடுங்கள்.

மாதச் சம்பளம் வங்கியில் விழுகிறது, பி.எஃப். இருக்கிறது, ஸ்கோர் 750ஐ ஒட்டி இருக்கிறது என்றால் வேறு எதையும் யோசிக்க வேண்டாம். ஒரு வங்கி மறுத்தால் இன்னொரு அரசு வங்கியில் கேளுங்கள். ஆனால் ஒரே வாரத்தில் ஏழு இடத்தில் விண்ணப்பிக்காதீர்கள். ஒவ்வொரு விசாரணையும் ஸ்கோர் அறிக்கையில் பதிவாகும்.

## வீட்டுக் கடன் நிதி நிறுவனம்

இவற்றைப் பொதுவாகக் குறை சொல்லிவிடுவது எளிது. நான் அப்படிச் சொல்ல மாட்டேன். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ரெப்கோ ஹோம் ஃபைனான்ஸ், ஆப்டஸ், சுந்தரம் ஹோம் உட்படப் பல நிறுவனங்கள் ரிசர்வ் வங்கியின் விதிகளுக்கு உட்பட்டு இயங்குபவை. வங்கியின் கண்ணுக்குத் தெரியாத வருமானத்தைப் பார்க்கும் திறமை இந்தத் துறையில் வளர்ந்திருக்கிறது.

தள்ளுவண்டியில் இட்லி விற்கும் ஓர் அம்மாவின் வருமானத்தை ஒரு கடன் அதிகாரி கணக்கெடுத்ததை அருகிலிருந்து பார்த்தேன். காலை வியாபார நேரத்தில் வந்து ஓரமாக நின்றார். எத்தனை பேர் சாப்பிடுகிறார்கள், எத்தனை பேர் பார்சல் வாங்குகிறார்கள் என்று பார்த்தார். பிறகு கேட்ட கேள்விகள்: ஒரு நாளைக்கு அரிசி எத்தனை படி? கேஸ் சிலிண்டர் எத்தனை நாள் வரும்? மழைக் காலத்தில் எத்தனை நாள் கடை போட முடியாது? மளிகைக் கடைக் கணக்கு நோட்டைப் புரட்டினார். எதிரே இருந்த மருந்துக் கடைக்காரரிடம் போய், இந்த அம்மா எத்தனை வருடமாக இங்கே இருக்கிறார் என்று விசாரித்தார். வருமான வரித் தாக்கல் இல்லாத, சம்பளச் சீட்டு என்பதையே பார்த்திராத ஒருவருக்கு அந்த அரை மணி நேர விசாரணையில் ஒரு மாத வருமானம் எழுதப்பட்டது. இந்த உழைப்புக்குச் செலவு உண்டு. கூடுதல் வட்டியில் ஒரு பகுதி அதற்குப் போகிறது.

ஆனால் அந்தக் கூடுதலின் பாரத்தை எண்களில் பார்க்க வேண்டும். 20 லட்சம், 20 ஆண்டுகள். எட்டரை சதவீதத்தில் தவணை 17,356 ரூபாய்; மொத்த வட்டி 21,65,000. பதின்மூன்று சதவீதத்தில் தவணை 23,432. மொத்த வட்டி 36,24,000. வித்தியாசம் மாதத்துக்கு 6,076 ரூபாய், முடிவில் பதினான்கரை லட்சத்துக்கு மேல். இன்னொன்றும் கவனியுங்கள். பதின்மூன்று சதவீதத்தில் முதல் ஆண்டு முழுவதும் நீங்கள் கட்டுவது 2,81,000 ரூபாய். அசலில் குறைவது சுமார் 22,500 மட்டும்.

வட்டிக்கு அடுத்த செலவு காப்பீடு. கடன் வழங்கும் நாளில் ஒரே தவணைக் காப்பீடு ஒன்றைக் கடன் தொகையிலேயே சேர்த்துவிடுவது பரவலான பழக்கம். 60,000 ரூபாய் பிரீமியம் பெரிதாகத் தெரியாது. அதுவும் பதின்மூன்று சதவீதத்தில் 20 ஆண்டு ஓடும்போது 1,68,000 ரூபாய்க்கு மேல் கட்டியிருப்பீர்கள். கடனுக்கு உயிர்க் காப்பீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; ஒருவரின் சம்பாத்தியத்தில் நிற்கும் குடும்பத்துக்கு அது அவசியம். தனியாக ஒரு டெர்ம் காப்பீடு (இறந்தால் மட்டும் பணம் தரும் உயிர்க் காப்பீடு) எடுத்து ஆண்டுதோறும் பிரீமியம் கட்டுங்கள். அந்த நிறுவனம் காட்டும் திட்டத்தில்தான் சேர வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை.

இதையெல்லாம் எங்கே பார்ப்பது? 2024 அக்டோபர் முதல் கடன் தருபவர் முக்கியத் தகவல் அறிக்கை ஒன்றைத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்திருக்கிறது. வட்டி, கட்டணம், காப்பீடு எல்லாவற்றையும் சேர்த்த ஆண்டுச் செலவு விகிதம் அதில் இருக்கும். உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும் என்பதும் விதி. தமிழில் கேளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து, படிக்கத் தெரிந்த பிள்ளையை உட்கார வைத்து வரிவரியாகப் படியுங்கள். அதில் இல்லாத கட்டணத்தை உங்கள் வெளிப்படையான ஒப்புதல் இல்லாமல் பின்னால் வாங்க முடியாது.

“இப்போது நிறுவனத்தில் வாங்கி, இரண்டு வருடம் ஒழுங்காகக் கட்டிவிட்டு வங்கிக்கு மாற்றிக்கொள்ளலாம்” என்பது நல்ல யோசனைதான். இரண்டு நிபந்தனைகளை இப்போதே பார்த்துவிட வேண்டும். கடன் மிதக்கும் வட்டியில் இருக்கிறதா? நிலையான வட்டியாக இருந்தால் கவனம் தேவை. வேறு வங்கியின் கடனைக் கொண்டு அடைக்கும்போது அபராதம் வரலாம். அடுத்தது, அந்த வீட்டின் பத்திரம் வங்கிச் சோதனையைத் தாங்குமா? தாங்காது என்றால், உங்கள் ஸ்கோர் எவ்வளவு உயர்ந்தாலும் எந்த வங்கியும் அந்தக் கடனை எடுத்துக்கொள்ளாது. பதின்மூன்று சதவீதம் 20 ஆண்டும் உங்களோடு இருக்கும். நிறுவனம் பத்திரத்தில் காட்டும் தளர்வை இரக்கம் என்று எண்ணிவிடாதீர்கள். ஏதோ ஒரு காலத்தில் விற்கப் போகும்போது வாங்க வருபவரும் வங்கிக்குத்தான் போவார்.

## வாரிய வீடு

தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், 1970இல் குடிசை மாற்று வாரியமாகத் தொடங்கியது. பொருளாதாரத்தில் நலிந்த பிரிவுக்கு அது கட்டும் அடுக்குமாடிகளில், மத்திய, மாநில அரசுகளின் மானியம் போக மீதிப் பங்கைப் பயனாளி கட்ட வேண்டும். ஆண்டு வருமானம் 3 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். இந்தியாவில் எங்கும் சொந்தமாகக் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. பயனாளிப் பங்கு இடத்துக்கு இடம் மாறும். சந்தை விலையோடு ஒப்பிட்டால் அது மிகவும் குறைவு என்பதால், பலருக்கு நீண்ட காலக் கடனே தேவைப்படாது. வருமானம் அந்த வரம்புக்குள் இருக்கும் குடும்பத்துக்கு இது முதல் வழியாக இருக்க வேண்டும் என்பது என் எண்ணம். விண்ணப்பித்துவிட்டு மற்ற வழிகளையும் தேடலாம். விண்ணப்பிக்காமலேயே விட்டுவிடுகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

1961இல் அமைந்த வீட்டு வசதி வாரியம் வேறு. அங்கே குலுக்கல், தவணை முறை, விற்காமல் இருக்கும் வீடுகளின் நேரடி விற்பனை எல்லாம் உண்டு. விலை சந்தைக்கு அருகிலேயே இருக்கும். நடுத்தர வருமானத்துக்கு அது பொருந்தும். இறுதி விலை நிர்ணயம் தள்ளிப்போவதால் கிரயப் பத்திரம் தாமதமான பழைய திட்டங்கள் இருக்கின்றன. எந்தத் திட்டமாக இருந்தாலும் பத்திரம் எப்போது கிடைக்கும் என்று முதலிலேயே கேளுங்கள்.

தூரத்தைக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள். பெரும்பாக்கத்தில் வீடு கிடைத்து, வேலை மயிலாப்பூரில் வீட்டு வேலையாக இருந்தால், சாதாரணப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்றாலும் ஒரு வீட்டு வேலைக்கான நேரம் பயணத்திலேயே போய்விடும். அந்தச் சம்பள இழப்பும் வீட்டின் விலைதான்.

## பொறுத்துக் கேட்பது

இதை ஒரு தேர்வாகவே யாரும் நினைப்பதில்லை. சொல்பவர்களும் இல்லை, ஏனென்றால் இதில் யாருக்கும் கமிஷன் கிடையாது. மேலே சொன்ன கணக்கை வைத்தே பார்ப்போம். ஓராண்டு பொறுத்தால் மாத வாடகை 9,000 ரூபாய் வீதம் 1,08,000 போகும். 25 லட்சம் வீடு ஐந்து சதவீதம் விலையேறினால் இன்னும் 1,25,000. மொத்தம் 2,33,000 ரூபாய். பதின்மூன்று சதவீதத்திலிருந்து எட்டரைக்கு வர முடிந்தால் மிச்சமாவது பதினான்கரை லட்சம்.

அந்த ஓராண்டில் என்ன செய்வது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வருமானம் ரொக்கமாக வந்தால், கியூ.ஆர். அட்டை வைத்து முடிந்தவரை கணக்கில் விழச் செய்யுங்கள். ரொக்கத்தையும் வாரம் ஒரு முறை அதே கணக்கில் கட்டுங்கள். சம்பளக்காரர் என்றால் முதலாளியிடம் சம்பளத்தை வங்கியில் போடச் சொல்லிக் கேளுங்கள். சிறு தொழில் செய்பவர் அரசின் உத்யம் தளத்தில் தொழிலைப் பதிவு செய்துகொள்ளலாம், கட்டணம் இல்லை.

வருமான வரித் தாக்கல் என்றதும் “வரி கட்டச் சொல்வார்களே” என்று பயப்படுகிறார்கள். 2025-26 நிதியாண்டிலிருந்து புதிய வரிமுறையில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்குத் தள்ளுபடியால் பொதுவாக வரி வராது. சிறு வியாபாரிகள் கணக்குப் புத்தகம் வைக்காமல் விற்பனையில் ஒரு பங்கை லாபமாகக் காட்டும் உத்தேச வருமான முறையில் தாக்கல் செய்யலாம். ஆனால் ரொக்க விற்பனையில் எட்டு சதவீதம் என்ற குறைந்தபட்ச லாபத்தை மட்டும் காட்டினால், வங்கியும் அந்தச் சிறிய தொகையைத்தான் வருமானமாக எடுத்துக்கொள்ளும். உண்மையில் கையில் நிற்கும் லாபத்தைக் காட்டுங்கள். பல வங்கிகள் இரண்டு, மூன்று ஆண்டுத் தாக்கலைக் கேட்பதால் சுயதொழிலருக்கு ஓராண்டு போதாமலும் போகலாம். அதற்காகப் போலிச் சம்பளச் சீட்டு, பழைய தேதிக் கணக்கு என்று தயாரித்துத் தருகிறேன் என்று வரும் ஆட்களிடம் போகாதீர்கள். பிடிபட்டால் கடன் மறுப்போடு நிற்காது, குற்ற வழக்காகிவிடும்.

ஸ்கோர் அறிக்கையை இலவசமாகவே பெறலாம்; ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை தர வேண்டும். கணவன், மனைவி இருவருடையதையும் எடுங்கள். வேறு யாரோ தவணை தவறிய குழுக் கடன், மைத்துனரின் வண்டிக்குப் போட்ட ஜாமீன் கையெழுத்து, எப்போதோ அடைத்தும் மூடப்படாத செல்போன் கடன் எல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். தவறான பதிவுகளைத் திருத்தக் கேட்கலாம். சில்லறைக் கடன்களைச் சிறியதிலிருந்து தொடங்கி அடைத்துவிடுங்கள். ஒவ்வொன்றும் எத்தனை லட்சத் தகுதியைத் திருப்பித் தருகிறது என்று மேலே பார்த்தோம்.

பொறுக்கக் கூடாத நேரமும் உண்டு. வருமானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வாடகைக்கே போகிறது, பத்திரம் தெளிவான வீடு நியாயமான விலையில் வருகிறது, தொழிலின் இயல்பால் தடம் எப்போதும் ரொக்கமாகவே இருக்கும் என்றால் காத்திருந்து பயனில்லை. நிறுவனத்துக்கே போங்கள்.

## வங்கியிலும் நிறுவனத்திலும் வரும் வட்டி மானியம்

2024 செப்டம்பர் 1 முதல் நடைமுறையில் உள்ள பிரதமர் வீட்டு வசதித் திட்டம் 2.0இல் ஆண்டு வருமானம் 9 லட்சம் வரை உள்ள குடும்பங்களுக்கு வட்டி மானியம் உண்டு. வீட்டின் மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள், பரப்பு 120 சதுர மீட்டருக்குள் இருக்க வேண்டும். முதல் 8 லட்ச ரூபாய்க் கடனுக்கு 4 சதவீதம், அதிகபட்சமாக 1,80,000 ரூபாய், ஐந்து ஆண்டுத் தவணைகளாகக் கடன் கணக்கில் சேரும். கணவன், மனைவி, திருமணமாகாத பிள்ளைகள் பெயரில் நாட்டில் எங்கும் கான்கிரீட் வீடு இருக்கக் கூடாது. ஊரில் அப்பா விட்டுச்சென்ற வீடு உங்கள் பெயரில் இருந்தால் அதை மறைக்காதீர்கள். கடன் நடப்பில் இருக்க வேண்டும், அசலில் பாதிக்கு மேல் பாக்கி இருக்க வேண்டும் என்பதும் நிபந்தனை. வங்கி, நிதி நிறுவனம் இரண்டின் வழியாகவும் கிடைக்கும். ஆனால் “மானியம் வரும், தவணை குறைந்துவிடும்” என்று நம்பித் தாங்க முடியாத கடனில் இறங்க வேண்டாம். மானியம் இல்லாமலேயே கட்ட முடிகிற தவணையில் கையெழுத்துப் போடுங்கள்.

## மூன்று குடும்பங்களுக்கு என் பதில்

கணவர் நிறுவன வேன் ஓட்டுநர், மனைவி ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில். சேர்ந்து 40,000 ரூபாய், இருவருக்கும் பி.எஃப். உண்டு, மாதம் 5,000 ரூபாய்க்குச் சில்லறைத் தவணைகள். இவர்கள் நிதி நிறுவனத்துக்குப் போகவே கூடாது. தவணைகளை அடைத்துவிட்டு, இருவரும் இணைந்து அரசு வங்கியில் கேட்டால் 23 லட்சம் வரை எதிர்பார்க்கலாம்.

ஆட்டோ ஓட்டுபவர், மனைவிக்கு டிபன் கடை. 38,000 ரூபாய், அனைத்தும் ரொக்கம். உரிமையாளர் வெளியூர் போவதால் குடியிருக்கும் ஃப்ளாட்டையே குறைத்துத் தர முன்வருகிறார். நிதி நிறுவனம் சரிதான், மிதக்கும் வட்டியாக இருந்தால். அதற்கு முன் வங்கிகளுக்கு லீகல் பார்க்கும் ஒரு வழக்கறிஞரிடம் உங்கள் செலவில் பத்திரத்தைக் காட்டி, வங்கி ஏற்குமா என்று எழுத்தில் வாங்கிவிடுங்கள். முதல் தவணை கட்டும் மாதத்திலேயே வருமான வரித் தாக்கலையும் தொடங்கினால் இரண்டு ஆண்டில் மாற்றிக்கொள்ள வழி திறக்கும்.

மூன்றாவது குடும்பம் என்னை மிகவும் யோசிக்க வைத்தது. கணவரை இழந்த அம்மா, வயது 52, வீட்டு வேலை. மகன் 23 வயது, 22,000 சம்பளத்தில் இப்போதுதான் சேர்ந்திருக்கிறார். அம்மாவின் ஆசையெல்லாம் தன் பெயரில் ஒரு வீடு. அம்மா மட்டும் கேட்டால் வயதால் காலம் சுருங்கித் தவணை எகிறும். மகனை இணை விண்ணப்பதாரராகச் சேர்த்தால் 20 ஆண்டு கிடைக்கும். வீட்டை அம்மா பெயரில் வைத்து, மகன் கடனில் மட்டும் சேர முடியுமா என்று வங்கியிடம் கேளுங்கள். மகனும் உரிமையாளராகிவிட்டால், திருமணத்துக்குப் பிறகு அவருடைய சொந்தக் குடும்பத்துக்கு அரசின் வீட்டுத் திட்டங்களில் இடம் கிடைக்காமல் போகக்கூடும். மகனின் வேலை நிரந்தரமாகி, அம்மாவின் குழுக் கடன் முடியும்வரை பொறுங்கள். இருவரின் வருமானமும் சேர்ந்து ஆண்டுக்கு 3 லட்சத்துக்குள் இருக்கும்போதே வாழ்விட வாரியத்தில் விண்ணப்பித்து வையுங்கள். எந்த வழியில் கடன் வந்தாலும், மகன் பெயரில் கடன் தொகைக்கு ஈடான டெர்ம் காப்பீடு தொடங்கிய பிறகே கடன் பத்திரத்தில் அம்மா கையெழுத்துப் போட வேண்டும்.